புதுவீட்டுச் சுவருக்குச் சிக்குக் கோலம்: எத்தனை புள்ளி, சுவரிலா பலகையிலா?

புதுமனை | 3 பிப்ரவரி 2024, இரவு 9.40

சேலத்துல சூரமங்கலம் பக்கம் புது வீடு. பூச்சு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. பட்டி பார்த்து ப்ரைமரும் அடிச்சாச்சு. ஹாலில் சோபாவுக்குப் பின்னால 11 அடி அகலச் சுவர் காலியா நிக்குது. அதுல பெரிசா ஒரு சிக்குக் கோலம், அழியாத மாதிரி வேணும். பின்னணி காவி, இழை வெள்ளை. கடையில் விக்கிற ஒட்டுப்படம் வேண்டாம், நாங்களே செய்யணும். ஸ்டென்சில் வெட்டி நேரா சுவரிலேயே அடிச்சிடலாம்னு பெயிண்டர் சொல்றார். எத்தனை புள்ளி, என்ன அளவு, என்ன பெயின்ட்? ஒற்றைப்படையில் புள்ளி வச்சாத்தான் ஒரே இழையில் முடியும்னு அம்மா சொல்றாங்க. அது சரிங்களா?

மூலைமட்டம் | 4 பிப்ரவரி, காலை 6.15

சுவரில் வேண்டாம்ங்க. பலகையில் செஞ்சு மாட்டுங்க.

பூச்சு 28 நாளில் வலு பிடிச்சிடும். ஆனா கல்லுக்குள்ளயும் கலவைக்குள்ளயும் நிக்கிற தண்ணி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, மாசக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வெளிய வரும். வரும்போது உப்பையும் கூட்டிட்டு வரும். வெள்ளைச் சுவரில் உப்பு பூத்தா தட்டிவிட்டு ஒரு கை அடிச்சா போச்சு. காவியில் பூத்தா திட்டுத் திட்டா வெளுத்துத் தெரியும். அந்தத் திட்டு மேல மட்டும் காவியைத் தொட்டு அடிக்கலாம்னா நடுவுல இழை ஓடுதே, ஒவ்வொரு இழை ஓரத்தையும் மறுபடி பிடிக்கணும்.

விரிசல் அடுத்தது. முதல் வருஷத்துல முடி மாதிரி விரிசல் வர்ற இடங்கள் தெரிஞ்சதுதான்: கான்கிரீட் தூணும் கல்கட்டும் சேர்ற கோடு, பீமுக்கு அடி, வயரிங் குழாய்க்காக வெட்டி மூடின தடம். 11 அடிச் சுவரில் இதுல ஒண்ணாவது இருக்கும். கோலத்துக்குக் குறுக்கே ஒரு விரிசல் போனா, கண்ணு முதல்ல அங்கதான் போகும்.

கண்டிப்பா சுவரில்தான் வேணும்னா ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டட்டும். பூக்கிறது பூத்து, விடுறது விட்டு முடிஞ்சப்புறம் தை மாசத்துல தொடங்குங்க.

பலகையில் இன்னொரு லாபம்: படுக்க வச்சு வேலை செய்யலாம். நிக்கிற சுவரில் பிரஷ்ஷில் துளி கூடினா வழியும். படுத்த பலகையில் நின்ன இடத்துல நிக்கும்.

அம்மா சொன்னதைப் பத்தி தனியா எழுதறேன், அது நல்ல கேள்வி.

மூலைமட்டம் | 4 பிப்ரவரி, காலை 7.05

ஒற்றைப்படை, இரட்டைப்படை இதைத் தீர்மானிக்கிறது இல்லைங்க. நேர்ப்புள்ளி வச்சு, நீள்சதுரமா அடுக்கி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ரெண்டுக்கு நடுவுல எல்லாம் இழை குறுக்கே வெட்டிப் போற கோலத்துக்குக் கணக்கு இது: வரிசை எத்தனை, வரிசைக்குப் புள்ளி எத்தனைன்னு பார்த்து, அந்த ரெண்டு எண்ணையும் மீதியில்லாம வகுக்கிற பெரிய எண்ணை எடுங்க. பள்ளிக்கூடத்து மீப்பெரு பொதுக் காரணிதான். அது எத்தனையோ அத்தனை இழை.

5 வரிசை, 7 புள்ளி: பொதுக் காரணி 1. ஒரே இழை.
4 வரிசை, 5 புள்ளி: இதுவும் 1. ஒண்ணு இரட்டைப்படையா இருந்தும் ஒரே இழைதான்.
3 வரிசை, 9 புள்ளி: ரெண்டுமே ஒற்றைப்படை, ஆனா 3 இழை.
5 வரிசை, 5 புள்ளி: 5 இழை.

அம்மா சொல்றதுக்கும் நியாயம் இருக்கு. வாசலில் 3க்கு 5, 5க்கு 7னு போடுறப்ப ஒரே இழையில் முடியறதைப் பார்த்திருப்பாங்க. அடுத்தடுத்த ஒற்றைப்படை எண்கள் ரெண்டுக்கு எப்பவும் பொதுக் காரணி 1தான், அதனால அந்த வழக்கம் பொய்க்காது.

இடுக்குப்புள்ளிக்கு (ஒரு வரிசைப் புள்ளி ரெண்டுக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி வர்றது) இந்தக் கணக்கு செல்லாது. நேர்ப்புள்ளியே ஆனாலும் நீள்சதுரமா இல்லாம 1, 3, 5, 7, 5, 3, 1னு ஏறி இறங்குற கோலத்துக்கும் தாளில் இழையை ஓட்டித்தான் பார்க்கணும்.

உங்க சுவருக்கு 5 வரிசை, 7 புள்ளின்னு வச்சுக்கலாம். புள்ளிக்குப் புள்ளி 15 செமீ. இழை அகலம் 12 மிமீ. இழை ஓரத்தோட சேர்த்து மொத்தம் 102 செமீக்கு 72 செமீ வரும். 4 அடிக்கு 3 அடிப் பலகையில் (122க்கு 91 செமீ) நாலு பக்கமும் ஏறக்குறைய 10 செமீ ஓரம் நிக்கும். 8க்கு 4 ஷீட் ஒண்ணு வாங்கினா இந்த அளவில் ரெண்டு பலகை வெட்டி, 4க்கு 2 துண்டு மீதி இருக்கும். அதை வீசிடாதீங்க, பெயின்ட் சோதிக்க வேணும்.

நெளிக்கோலம் | 4 பிப்ரவரி, மதியம் 2.20

மூலைமட்டம் தம்பி, இழை அகலம் 12 மிமீங்கிறது மெலிசு இல்லையா? 15 செமீ இடைவெளிக்கு வாசலில் இழை பட்டையா விழும். சோபாவுக்கு எதிர்ல 10 அடி தள்ளி உக்காந்து பார்க்கிறவங்களுக்கு எடுப்பா தெரியணும்.

மூலைமட்டம் | 4 பிப்ரவரி, மாலை 5.10

அக்கா, இடைவெளியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நான் வச்சது. பத்தில் ஒரு பங்கு வரை போகலாம், அதாவது 15 மிமீ. அதுக்கு மேல போனா இழை வெட்டுற இடத்துல நாலு பக்கமும் இருக்கிற காவி மூலை மழுங்கிப்போய், எந்த இழை எதைத் தாண்டுதுன்னு தெரியாம ஒரே வெள்ளைப் பொட்டா நிக்கும். 5க்கு 7ல இப்படி வெட்டுற இடம் 58 இருக்கு. கோலத்தோட அழகே அந்த 58 இடத்துலதான்.

மீதித் துண்டுப் பலகையில் 12, 15 ரெண்டு அகலத்துலயும் நாலு நாலு புள்ளி போட்டு, சுவரில் சாய்ச்சு வச்சு சோபா எதிரில் இருந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

மூலைமட்டம் | 5 பிப்ரவரி, காலை 6.00

புள்ளி வைக்கிறது. மத்த எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம்னு நினைக்கிறேன். இழை கொஞ்சம் ஆடினாலும் கை வேலைன்னு கண்ணு ஏத்துக்கும். புள்ளி தப்பினா ஏத்துக்காது.

பலகையோட நடுக்கோடு ரெண்டையும் பென்சிலில் போடுங்க. ரெண்டு எண்ணுமே ஒற்றைப்படை, அதனால நடுப்புள்ளி அந்தக் கோடுகள் வெட்டுற இடத்துலயே விழும். அங்கிருந்து வெளியே போங்க. பலகை ஓரத்துல இருந்து அளக்காதீங்க, கடையில் வெட்டின ஓரம் நேரா இருக்கும்னு நம்ப முடியாது.

15 செமீ வச்சு, அதுல இருந்து இன்னொரு 15 வச்சுன்னு தாவித் தாவி அளந்தா ஒவ்வொரு தாவலிலும் அரை மில்லி, ஒரு மில்லி தப்பு ஏறும். டேப்பை நடுப்புள்ளியில் ஊன்றி 15, 30, 45னு ஒரே இழுப்பில் குறிங்க. ரெண்டு பக்கமும் அப்படியே.

மூலைப்புள்ளி நாலும் வச்சதும் குறுக்களவு பாருங்க. புள்ளிச் சட்டம் 90க்கு 60 செமீ. குறுக்களவு ரெண்டும் 108.2 செமீ வரணும். ரெண்டுக்கும் 2 மிமீக்கு மேல வித்தியாசம் இருந்தா அழிச்சுட்டு மறுபடி வைங்க. சாய்ஞ்ச சட்டத்துல இழை போட்டா, ஒரு பக்கம் சப்பையாவும் மறுபக்கம் நீண்டும் போகும். மாட்டினப்புறம் பலகையே கோணலாத் தெரியும், ரசமட்டம் வச்சு சரின்னு காட்டினாலும் கண்ணு ஒத்துக்காது.

நெளிக்கோலம் | 5 பிப்ரவரி, காலை 10.30

புள்ளி வரைக்கும் ஸ்கேலும் டேப்பும் சரி. வளைவுக்குக் காம்பஸ் வேண்டாம்னு சொல்லுவேன். காம்பஸ் வளைவு செத்துப்போய் இருக்கும். நெளி கையில் வரணும்.

மூலைமட்டம் | 5 பிப்ரவரி, மாலை 6.45

அக்கா சொல்றதுல பாதியை ஏத்துக்கிறேன். 20 வருஷம் வாசலில் இழுத்த கைக்குக் காம்பஸ் தேவையே இல்ல. பலகையில் முதல் தடவை போடுறவங்களுக்கு வழித்தடமா ஒரு வட்டம் இருக்கட்டும். அதை ஒட்டிக் கை ஓடட்டும்.

உள்புள்ளியைச் சுத்தி இழை சாய்சதுரமாத்தான் போகும். பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவுல இருக்கிற நாலு நடுக்குறிகளையும் சாய்வாச் சேர்த்தா அது வந்துடும். கோடு 45 பாகை. சிக்கல் வெளிப்புள்ளியில்தான். அங்கே இழை திரும்பி வரணும். பலர் அந்த நடுக்குறிகளிலேயே காம்பஸை வச்சு அரைவட்டம் போட்டுப் பார்க்கிறாங்க. மூலையில் அப்படிப் போட்டா வளைவு புள்ளி மேலேயே ஏறிடும், வரைஞ்சு பாருங்க.

காம்பஸ் முள்ளை வெளிப்புள்ளி மேலயே ஊன்றுங்க. ஆரம், புள்ளி இடைவெளியில் 0.35 பங்கு. 15 செமீக்கு 5.3 செமீ. இந்த வட்டம் சாய்கோடுகளைச் சரியாத் தொட்டு மட்டும் போகும், வெட்டாது. நடுக்குறியில் இருந்து கோட்டை நேரா ஓட்டி, வட்டத்தைத் தொட்ட இடத்துல திரும்பி, வட்டத்தோடயே போய், மறுபக்கக் கோட்டில் இறங்கணும். ஓரப்புள்ளியில் கால் வட்டம், மூலைப்புள்ளியில் அரை வட்டம். முட்டல் மோதல் இல்லாம வழுக்கிட்டுப் போகும்.

இழைக்கு அகலம் வேணுமே, அதுக்கு 4.7 செமீ, 5.9 செமீ ஆரத்துல ரெண்டு வளைவு. நேர்க்கோட்டுக்கு 12 மிமீ அகலப் பட்டையா வெட்டின பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு. நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் பென்சில் ஓட்டினா ரெண்டு ஓரமும் வந்துடும்.

வெட்டுற இடத்துல எது மேல, எது கீழன்னு முன்னாடியே பென்சிலில் குறிச்சு வைங்க. ஒரு இழையோடயே விரல் வச்சுப் போனா மேல, கீழ, மேல, கீழன்னு மாறி மாறி வரும். எந்தக் கோலத்துலயும் இது பொய்க்காம அமையும். கீழ போற இழைக்கு ரெண்டு பக்கமும் 3 மிமீ காவி விட்டு நிறுத்தினா பின்னல் மாதிரி எழும்பித் தெரியும். வேண்டாம்னா சாதாரணமா வெட்டிப் போகட்டும். வாசல் கோலத்துக்கு நெருக்கமானது அதுதான்.

நெளிக்கோலம் | 5 பிப்ரவரி, இரவு 8.15

மேல கீழன்னு பிரிக்காதீங்க. சிக்குக் கோலத்துல இழை ஒண்ணோட ஒண்ணு கலக்கும். பின்னல் வேற, சிக்கு வேற.

மூலைமட்டம் | 5 பிப்ரவரி, இரவு 9.00

ஏத்துக்கிறேன் அக்கா. பெயின்ட்டில் சேர்த்தே விடுங்க புதுமனை.

புதுமனை | 7 பிப்ரவரி, இரவு 10.10

பலகை வாங்கியாச்சு, 12 மிமீ எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை). அடுத்து ஸ்டென்சில். முழுக் கோலத்தையும் ஒரே ஷீட்டில் லேசர்ல வெட்டித் தர்றதா ஒரு கடையில் சொல்றாங்க. கொடுக்கலாமா?

மூலைமட்டம் | 8 பிப்ரவரி, காலை 6.20

அப்படியே வெட்டினா கையில் ஒண்ணும் மிஞ்சாதுங்க. இழைதான் ஓட்டை. இழைக்குள்ள அடைபட்ட துண்டு ஒவ்வொண்ணும் கழண்டு கீழ விழும். 5க்கு 7ல புள்ளியைச் சுத்தின துண்டு 35, நாலு புள்ளிக்கு நடுவுல இருக்கிறது 24, மொத்தம் 59. அது ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு இடத்துல பாலம் விடணும். அத்தனை பாலத்தையும் அப்புறம் பிரஷ்ஷில் மூடணும். அதுக்கு நேரா பிரஷ்ஷிலேயே போட்டுடலாம்.

ஸ்டென்சில்தான் வேணும்னா அலகு வெட்டுங்க. இந்தக் கோலத்துல மூணே அலகுதான்: உள்புள்ளி (சாய்சதுரம்), ஓரப்புள்ளி (ஒரு பக்கம் வளைஞ்சது), மூலைப்புள்ளி (காது மாதிரி சுத்தினது). 15, 16, 4, கூட்டினா 35. ஓரமும் மூலையும் திருப்பித் திருப்பி வைக்கிறதுதான். கோலத்தை இப்படி அலகாப் பிரிச்சுப் பார்க்கிறது ஆராய்ச்சியிலயும் இருக்கு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ரெண்டு பேரும் கமலா கிருத்திவாசனோட சேர்ந்து கோலத்துக்கு வரிசை இலக்கணம் எழுதின கட்டுரை 1974-இல் வந்தது.

அலகு வெட்ட தடிமனான ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் தாள்) போதும். 15 செமீ சதுரம் ஏ4 அளவுக்குள்ள அடங்கும், சுத்தி ஓரமும் கிடைக்கும். சதுரத்தோட நடுக்கோடு ரெண்டையும் மார்க்கரில் ஷீட் மேலயே போட்டு வைங்க. பலகையில் இருக்கிற பென்சில் கோடு மேல அதைப் பொருத்தித்தான் வைக்கணும். நடுத்துண்டு விழாம இருக்க, ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் நடுவுல 5 மிமீ பாலம். புள்ளி இருக்கிற இடத்துல சின்னத் துளை.

கெட்டுப்போற இடம் ரெண்டு. ஒண்ணு, கசிவு. ஷீட்டுக்கு அடியில் பெயின்ட் ஊர்ந்து இழை ஓரம் மயிர் மயிரா விரியும். பெயின்ட்டில் தண்ணி சேர்க்காதீங்க. ஸ்பாஞ்சில் தொட்டதும் பழைய பேப்பரில் ரெண்டு மூணு தட்டு தட்டி, கிட்டத்தட்ட காய்ஞ்ச ஸ்பாஞ்சால ஒத்துங்க. இழுக்கக் கூடாது, நேரா மேல இருந்து ஒத்தணும். ரெண்டு மூணு பூச்சு மெலிசா. ரெண்டாவது, பக்கத்து அலகை வைக்கும்போது ஈரமான இழை மேல ஷீட் உக்காந்து நசுங்கும். ஒண்ணு விட்டு ஒண்ணா ஒத்திட்டு, காய்ஞ்சப்புறம் மிச்சத்துக்கு வாங்க. ஷீட்டோட அடிப்பக்கத்தை அஞ்சாறு தடவைக்கு ஒருக்கா ஈரத்துணியால துடைங்க.

ஒரே ஒரு பலகைதான்னா நான் ஸ்டென்சிலைச் சொல்லமாட்டேன். பென்சில் ஓரம் இருக்கு, 10 மிமீ தட்டைப் பிரஷ் இருக்கு, போதும். உறவுக்காரங்க வீட்டுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு செய்யப்போறீங்கன்னா அலகு வெட்டுறது லாபம்.

மூலைமட்டம் | 8 பிப்ரவரி, மாலை 7.00

பலகையைத் தயார் பண்றது காலையில் விட்டுப்போச்சு.

எம்டிஎஃப் பலகையோட முகம் வழவழன்னு இருக்கும், ஓரம் ஸ்பாஞ்சு மாதிரி குடிக்கும். நாலு ஓரத்துக்கும் மரப்பசையில் சரிபாதி தண்ணி கலந்து ரெண்டு கை பூசி, காயவிட்டு, 180 நம்பர் உப்புத்தாள் போடுங்க. அப்புறம் மர ப்ரைமர், ஆயிலில் கரையறது. தண்ணி ப்ரைமர் அடிச்சா மேல நார் எழும்பிச் சொரசொரன்னு ஆகும்.

பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கு அடிக்கிற அத்தனை கையும் அடிங்க. யாரும் பார்க்காத பக்கம்னு விட்டுடறாங்க. ஒரு பக்கம் மட்டும் மூடின பலகை மழைக்காலத்துல மூடாத பக்கமா ஈரத்தைக் குடிச்சு, வில்லா வளைஞ்சிடும்.

அளவு: ஒரு பக்கம் 1.1 சதுர மீட்டர். ரெண்டு பக்கமும் ரெண்டு கைன்னா 4.4. காவி எமல்ஷன் அரை லிட்டர் வாங்கினா போதும். இழையோட மொத்த நீளம் 14 மீட்டர் சொச்சம், அகலம் 12 மிமீ. மூணு கை அடிச்சாலும் அரைச் சதுர மீட்டர்தான். வெள்ளை 100 மில்லியே மிஞ்சும்.

காவிக்கு இரும்பு ஆக்சைடு கலர் கேட்டு வாங்குங்க. வெயில் பட்டா வெளுக்காது, மேல அடிக்கிற வெள்ளைக்குள்ள ஊறியும் வராது. சாயச் சிவப்பு சிலது ஊறி வெள்ளையை ரோஸ் ஆக்கிடும். சுத்த வெள்ளையை விடக் கொஞ்சம் பழுப்புக் கலந்த வெள்ளை காவி மேல நல்லா உக்காரும். பச்சரிசி மாவு நிறம்.

காவி காய்ஞ்சு குறைஞ்சது ரெண்டு நாள் கழிச்சுத்தான் மாஸ்கிங் டேப் ஒட்டணும். முன்னாடியே ஒட்டினா டேப்போட காவியும் உரிஞ்சு வரும். பென்சில் கோட்டை அழுத்திப் போடாதீங்க. காவி மேல பென்சில் தடம் அழிச்சாலும் பளபளன்னு நிக்கும். வெள்ளைப் பென்சில் அல்லது கூராக்கின சாக்பீஸ் நல்லது.

புள்ளியைக் கடைசியா வைங்க. முதல்லயே வச்சா உள்ளங்கை பட்டு இழுவும். இழையை விடச் சத்தே பெரிசு, 15 மிமீ. வட்டமான மரக்குச்சியோட தட்டை முனையைப் பெயின்ட்டில் தொட்டு ஒத்தி எடுத்தா 35ம் ஒரே அளவு.

ஏற்காட்டுக் குளிர் | 9 பிப்ரவரி, காலை 11.50

இதையே ஏற்காட்டில் வீட்டுக்குச் செய்யலாமா? இங்கே ஆடியில் இருந்து கார்த்திகை வரைக்கும் சுவரே வியர்க்கும். எஸ்டேட் சில்வர் ஓக் பலகை மலிவாக் கிடைக்குது, சட்டத்துக்கு அதைப் போடலாம்னு இருக்கேன்.

மூலைமட்டம் | 9 பிப்ரவரி, இரவு 9.30

மலை மேல எம்டிஎஃப் வேண்டாம்ங்க. கீழ சேலத்துக்கு எழுதினதை 1,500 மீட்டர் உயரத்துக்கு அப்படியே எடுத்துக்க முடியாது. மூடுபனியில் ஓரம் ஊதி, ப்ரைமரையே தூக்கிடும். கொதிநீர் தாங்கற பிளைவுட் 12 மிமீ வாங்குங்க. இல்லேன்னா 8 மிமீ சிமென்ட் ஃபைபர் ஷீட். ஷீட் கனம் கூட, ஆனா ஈரத்துக்கு அசையாது. அதுக்கு மர ப்ரைமர் போடாதீங்க, சுவருக்குப் போடுற காரம் தாங்கற ப்ரைமர் போடணும்.

சில்வர் ஓக் சட்டத்துக்கு ஆகும், உலர்ந்திருந்தா. காபிக்கு நிழல் மரமா நின்னதை வெட்டி ஈரத்தோட அறுத்துத் தர்றதுதான் அதிகம். முறுக்கும், நுனி வெடிக்கும். அறுத்த துண்டுகளுக்கு நடுவுல சின்னச் சின்னக் குச்சி வச்சு அடுக்கி, மேல கனம் ஏத்தி, நிழலில் காத்தோட்டமா ஒரு கோடை முழுக்கக் கிடக்கட்டும். அறுத்த நுனிகளுக்குப் பெயின்ட் பூசி வச்சா வெடிப்பு குறையும்.

முக்கியமா, பலகை சுவரை ஒட்டி உக்காரக் கூடாது. பின்னால ஒரு விரல் அளவு, 12லிருந்து 15 மிமீ காத்து போகட்டும். ஒட்டி உக்காந்தா நடுவுல பூஞ்சாணம் பிடிச்சுப் பலகை வடிவத்துக்கே சுவரில் கறுப்புச் சதுரம் விழும். ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காதது. கைக்குக் கை காய நாலு மணி நேரம்னு டப்பாவில் போட்டிருக்கும். பனி மூடின நாளில் ஒரு முழு நாள் விடுங்க. பங்குனி, சித்திரையில் அங்கே வேலை செய்யறது உத்தமம்.

சேலத்துல நேர் எதிர். சித்திரை வெயிலில் எமல்ஷன் ரோலரை எடுக்கிறதுக்குள்ள இறுகி, கைத்தடம் கோடு கோடா நிக்கும். காலை 9 மணிக்குள்ள அடிச்சு முடிங்க. மேற்குச் சுவர் சூடேறின அறையிலும், ஃபேனுக்கு அடியிலும் அடிக்காதீங்க.

நெளிக்கோலம் | 11 பிப்ரவரி, மாலை 4.00

இழையைக் கொஞ்சம் எழும்பின மாதிரி செய்ய வழி இருக்கா? கோலமாவையே பசையில் குழைச்சுக் கூம்புல பிழியலாம்னு தோணுது. நம்ம ஊரு வெள்ளைக்கல் மாவுதானே, மலிவு.

மூலைமட்டம் | 11 பிப்ரவரி, இரவு 8.40

பிழியலாம் அக்கா, ஆனா கோலமாவு வேண்டாம். அது விரலுக்கு நடுவுல ஒழுகுறதுக்காகக் குறுணையா இருக்கிற மாவு. கூம்பு நுனியில் அடைக்கும், காய்ஞ்சா சொரசொரன்னு தூசியைப் பிடிச்சுக்கும். பெயின்ட் கடையில் சாக் பவுடர்னு கேளுங்க, மாவு மாதிரி நைசா இருக்கும். அதை ரெண்டு பங்கு, மரப்பசை ஒரு பங்கு. கரண்டியில் இருந்து விழாம, ஆனா அழுத்தினா ஓடுற பதம். தண்ணியைச் சொட்டுச் சொட்டாத்தான் சேர்க்கணும், தண்ணி கூடினா காயும்போது அந்த அளவுக்குச் சுருங்கி வெடிக்கும்.

உயரம் 3 மிமீக்கு மேல ஒரே தடவையில் வேண்டாம். இன்னும் வேணும்னா மறுநாள் மேல ஒரு ஓட்டு. 12 மிமீ பட்டையை ஒரே பிழிவில் நிரப்பப் பார்க்காதீங்க, நடு குழிஞ்சிடும். எழும்பின இழை 5 மிமீ அகலத்துல மெலிசா இருந்தாத்தான் அழகு. வெட்டுற இடத்துல ரெண்டாவது இழை முதல் இழை மேல ஏறி மேடு விழும். முதல் இழை ஈரமா இருக்கும்போதே அந்த இடத்தை மட்டும் ஈரக் குச்சியால சமமா அழுத்திடுங்க.

இது எம்டிஎஃப், பிளைவுட்டுக்குத்தான். சுவரில் பிழிஞ்சா, மாத்தணும்னு நினைக்கிற நாளில் பட்டியோட பேர்த்துத்தான் எடுக்கணும்.

புதுமனை | 12 பிப்ரவரி, காலை 8.25

அம்மாபேட்டையில் பருத்திக் கயிறு 6 மிமீ நல்லதா கிடைச்சது. பெயின்ட்டுக்குப் பதிலா கயிறையே ஒட்டினா? ஜவ்வரிசி ஆலையில் இருந்து கிழங்கு மாவும் இருக்கு, பசை காய்ச்சிக்கலாம்.

மூலைமட்டம் | 12 பிப்ரவரி, மாலை 6.30

கயிறுக்கு உங்க 5க்கு 7 ரொம்பப் பொருத்தம். ஒரே இழைங்கறதால ஒரே கயிறு, ஒரே ஒட்டு. அந்த ஒட்டை ஒரு வெட்டு இடத்துல மேல போற கயிறுக்கு அடியில் ஒளிச்சிடலாம். இழை நீளம் 14.3 மீட்டர், ஏறி இறங்குறதுக்குச் சேர்த்து 16 மீட்டர் வாங்குங்க. வாங்கின கயிறை ஒரு ராத்திரி ஊறவச்சு, ரெண்டு கம்பத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டிக் காயவிட்டு அப்புறம் ஒட்டுங்க. இல்லேன்னா பசை ஈரத்துலயே சுருங்கி வளைவை உள்ளே இழுக்கும்.

இங்க மேல கீழ வேணும், நெளிக்கோலம் அக்கா மன்னிக்கணும். கயிறு கயிறுக்குள்ள கலக்காது. கீழ போற இடத்தை முதல்ல ஒட்டி, மேல போற இடத்துல ஒரு விரக்கடை ஒட்டாம விட்டுட்டு போனா பின்னாடி வர்ற கயிறை அடியில் நுழைச்சுக்கலாம்.

கிழங்கு மாவுப் பசை கயிறுக்குத் தாங்காது. அட்டை, துணி ஒட்டுறதுக்கு அருமை. பலகை மேல முதல்ல காடாத் துணி ஒட்டி அதுக்கு மேல கோலம் போடறதா இருந்தா காய்ச்சுங்க. கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அது சோறு. புத்தகம் கட்டுறவங்க மாதிரி பசை இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடணும். மயில்துத்தம் விஷம், சமையல் பாத்திரத்துல காய்ச்சாதீங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. கயிறுக்கு மரப்பசையே.

ஆனா ஹாலுக்குக் கயிறா பெயின்ட்டான்னு கேட்டா பெயின்ட்தான் சொல்வேன். ரோட்டோர வீட்டில் கயிறு தூசி பிடிக்கும், துடைக்க முடியாது.

மூலைமட்டம் | 13 பிப்ரவரி, காலை 6.10

மாட்டுறது. 4க்கு 3 அடி, 12 மிமீ எம்டிஎஃப், ஏறக்குறைய 10 கிலோ. ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடாதீங்க.

90 செமீ நீள ரீப்பர் (மரச்சட்டம்) ஒண்ணு, 18 மிமீ கனம். ஆசாரிகிட்ட நீளவாக்கில் 45 பாகைச் சாய்வா ரெண்டா அறுக்கச் சொல்லுங்க. ஒரு பாதி பலகைப் பின்னால, கூர்ப்பக்கம் கீழ பார்த்து. மறுபாதி சுவரில், கூர்ப்பக்கம் மேல பார்த்து. பலகையைத் தூக்கி மாட்டினா ஒண்ணுல ஒண்ணு உக்காந்துக்கும், இடம் வலமா நகர்த்தி நடுவையும் பிடிக்கலாம். பலகைப் பாதிக்கு மரப்பசையோட 25 மிமீ ஸ்க்ரூ. 30 மிமீ போட்டா முன்பக்கம் முட்டும். பலகையோட கீழ்ப்பக்கத்துக்கும் பின்னால அதே 18 மிமீ கனத்துல ஒரு துண்டு ஒட்டணும், இல்லேன்னா பலகை அடி சுவரைப் பார்த்துச் சாயும்.

சுவரில் 8 மிமீ துளை, 60 மிமீ ஆழம், நைலான் பிளக், 75 மிமீ ஸ்க்ரூ நாலு. பூச்சு 12, 15 மிமீ இருக்கும், பிளக் அதைத் தாண்டிக் கல்லுக்குள்ள இறங்கணும். உங்க சுவர் எந்தக் கல்லுன்னு கொத்தனாரைக் கேட்டுக்குங்க. செங்கல், சாம்பல் கல்லுக்கு இந்தப் பிளக் போதும். இலேசான காற்றடைப்புக் கல்லா இருந்தா டிரில்லைச் சுத்தியல் ஓட்டத்துல வைக்காம வெறும் சுழற்சியில் போட்டு, அந்தக் கல்லுக்கான திருகுப் பிளக் வாங்கணும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலயும் நேர் கீழயும் துளை போடாதீங்க, குழாய் அங்கதான் இறங்கும்.

சோபா முதுகுக்கு மேல 20, 25 செமீ விட்டுப் பலகை அடி வரட்டும். பலகை நடு தரையில் இருந்து 150 செமீ சுத்துவட்டாரத்துல வந்துடும்.

புதுமனை | 14 பிப்ரவரி, இரவு 9.15

எல்லாம் பிரிண்ட் எடுத்து ஆசாரிக்கும் பெயிண்டருக்கும் கொடுத்தாச்சு. இன்னொண்ணு மட்டும். ரெண்டாவது பலகையைப் பூஜை அறைக்குச் சதுரமா, 5க்கு 5 வைக்கணும்னு அம்மா கேட்கறாங்க. 5 இழை வரும்னு சொன்னீங்க. அதையும் ஒரே இழையா ஆக்க வழி உண்டா?

மூலைமட்டம் | 15 பிப்ரவரி, காலை 6.05

உண்டுங்க. முதல்ல தாளில் அஞ்சு கலர் பென்சிலில் அஞ்சு இழையையும் தனித்தனியா ஓட்டுங்க. வேற வேற கலர் ரெண்டு வெட்டிக்கிற இடம் ஒண்ணை எடுத்து, அங்கே வெட்டவிடாம ரெண்டு பக்கமும் வளைச்சுத் திருப்பி விடுங்க. ரெண்டு புள்ளிக்கு நடுவுல சின்னச் சுவர் எழுப்பின மாதிரி. அந்த ரெண்டு இழையும் ஒண்ணாயிடும். இப்ப நாலு இழை. இப்படி நாலு இடத்துல செஞ்சா ஒரே இழை. ஒவ்வொரு தடவையும் இன்னும் சேராத ரெண்டு இழை வெட்டுற இடமாப் பார்த்து எடுக்கணும். ஒரே இழை தன்னையே வெட்டுற இடத்துல திருப்பினா எண்ணிக்கை குறையாது, சில சமயம் கூடவும் செய்யும்.

நாலு இடத்தையும் இடம் வலம் சமமா அமையற மாதிரி தேடிப் பாருங்க, பார்க்க நல்லா இருக்கும்.  எல்லா இடமும் ஒத்துவராது, தாளில் மூணு நாலு விதம் போட்டுப் பார்க்கணும். அம்மாகிட்ட கொடுங்க, அவங்க விரல் சீக்கிரம் கண்டுபிடிச்சிடும்.

நெளிக்கோலம் | 15 பிப்ரவரி, காலை 9.45

5க்கு 5க்கும் புள்ளி இடைவெளி 15 செமீயே வைங்க. கோலம் 72க்கு 72 வரும், பலகையை 3 அடிக்கு 3 அடியா வெட்டிக்குங்க. விளக்குக்கு நேர் மேல மட்டும் மாட்டாதீங்க, எண்ணெய்ப் புகை வெள்ளையில் ஏறினா துடைச்சாலும் போகாது.